நாலரை மணிப் பசிக்கு எது? சுண்டல், அவல், கடலை உருண்டை, கேழ்வரகு: ஒரு வீட்டு ஒப்பீடு

பள்ளி வேன் எங்கள் தெருமுனைக்கு வருவது நாலு இருபதுக்கு. நாலரைக்குள் ஷூ ஒரு பக்கம், பை ஒரு பக்கம் கிடக்கும். சின்னவன் கையைக்கூடக் கழுவாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்பான். மத்தியான டிபன் பாக்ஸில் பாதி அப்படியே திரும்பி வந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கும். பிஸ்கட்டும் சிப்ஸும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான்.

பாக்கெட்டை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று இரண்டு மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். போட்டியில் இருந்தவை நாலு: சுண்டல், அவல், கடலை உருண்டை, கேழ்வரகுப் புட்டு. கொழுக்கட்டையும் இருந்தது, ஆனால் முதல் வாரத்திலேயே விலகிக்கொண்டது. மாவு கிளறி, பிடித்து, அவித்து, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஐந்தரை மணி. பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். கொழுக்கட்டைக்குப் பிள்ளையார் சதுர்த்தி இருக்கிறது, அதற்கு அது போதும்.

சத்து என்று மட்டும் பார்த்தால் இந்த நாலில் எதையும் குறை சொல்ல முடியாது. எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது, ஒவ்வொன்றும் நம் வேலையை எந்த நேரத்தில் கேட்கிறது என்பது. சுண்டல் முந்தின நாள் ராத்திரி கேட்கிறது. கடலை உருண்டை ஞாயிற்றுக்கிழமை கேட்கிறது. அவல் அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் கேட்கிறது. கேழ்வரகு, பிள்ளை பசியோடு பக்கத்தில் நிற்கும்போது அரைமணி நேரம் கேட்கிறது.

சுண்டல்

சுண்டலில் கஷ்டம் என்று ஒன்றுமே கிடையாது. ராத்திரி மறக்காமல் ஊறப் போட வேண்டும், அவ்வளவுதான். அதுதான் எனக்கு வரவே வராது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்த பிறகு அத்தை இருட்டில் இருந்து, "ஏம்மா, கடலை ஊறப் போட்டியா?" என்று கேட்பார். போட்டிருக்க மாட்டேன்.

கருப்புக் கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது ஊறல் வேண்டும். மறந்த நாளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஹாட்பாக்ஸில் கடலையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி இறுக மூடினால் ஒன்றரை மணி நேரத்தில் ஓரளவு ஊறிவிடும். குக்கரில் இரண்டு விசில் கூட வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஊறிய கடலையின் பதம் இதில் வராது, ஆனால் தின்னலாம். அதற்காகச் சமையல் சோடா மட்டும் போடாதீர்கள். நான் ஒருமுறை கால் ஸ்பூன் போட்டேன். தோல் தனி, பருப்பு தனி என்று குழைந்து, சுண்டல் என்று நினைத்தது கூட்டாக வந்தது. சோடா சேர்த்தால் பி வைட்டமின்களில் சிலவும் கெட்டுப்போகும்.

வெந்த பதம் பார்க்க ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். தோல் உரியாமல், உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் சின்னதாக ஒரு கடினம் தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில். உப்பை வெந்த பிறகு போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டால் போதும். அப்புறம் தாளிப்பு: கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. தேங்காய்த் துருவல் கடைசியில். காலையில் டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் தேங்காயைச் சேர்க்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிவிடும்.

நூறு கிராம் காய்ந்த கடலையில் புரதம் இருபது கிராமை ஒட்டி இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஐம்பது கிராம் கணக்குப் போட்டால் பத்து கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் வயிறு நின்று தாங்கும். சுண்டல் சாப்பிட்ட நாளில் என் பிள்ளைகள் எட்டரை வரை சமையலறைப் பக்கம் வரவில்லை. மற்ற எதற்கும் இந்தப் பெருமை கிடையாது.

குறை, வாயு. அதை மறைக்க வேண்டியதில்லை. கடலையில் இருக்கும் சில சர்க்கரைப் பொருள்கள் நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைப்பதால் வருவது அது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கொஞ்சம் குறையும். "சத்து எல்லாம் அந்தத் தண்ணியிலதான்" என்பது அத்தையின் கட்சி. நான் கொட்டிவிடுவேன். பழக்கமில்லாத பிள்ளைக்கு முதல் நாளே கிண்ணம் நிறையக் கொடுக்காமல் இரண்டு கரண்டியில் ஆரம்பிப்பது நல்லது.

கொண்டைக்கடலைதான் வேண்டும் என்றில்லை. பச்சைப்பயறு ஊறாமலேயே இரண்டு மூன்று விசிலில் வெந்துவிடும். மறதிக்காரர்களுக்கு அதுதான் தெய்வம். தட்டைப்பயறு (சென்னைக்காரர்களுக்குக் காராமணி) இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை வீட்டில் செய்தால் மாங்காயை நிறையவே போடுங்கள். பயறுகளில் உள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் சேராது. புளிப்பான காய், எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி அதைச் சேர வைக்கிறது. டீ, காபி நேர் எதிர், அது சேர்வதைத் தடுக்கும். ஆகவே பெரியவர்கள் சுண்டலோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் நல்லது. எங்கள் வீட்டில் இதை நான் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், மூன்று பேரும் டீ கேட்டார்கள்.

அவல்

அவல் ஏற்கெனவே வெந்த சரக்கு. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தது, அல்லது மெஷினில் தட்டையாக்கியது. அடுப்பே பற்றவைக்காமல் சாப்பிடலாம் என்பதுதான் இதன் பலம்.

ஆனால் எந்த அவல் என்று தெரிந்து வாங்க வேண்டும். மெல்லிய அவலைத் தண்ணீரில் போட்டால் அடுத்த நிமிஷம் கஞ்சி. அதற்குத் தண்ணீரைத் தெளித்தாலே போதும். கெட்டி அவலை வடிதட்டில் போட்டு, குழாய்க்கு அடியில் காட்டி அலசி, அப்படியே ஐந்து நிமிஷம் விட வேண்டும். எடுத்து விரலால் நசுக்கினால் நசுங்கணும், கையில் ஒட்டக் கூடாது. எங்கள் வீட்டில் சிவப்பு அவல். சிவப்பரிசித் தவிட்டின் மிச்சம் அதில் கொஞ்சம் இருக்கும், மென்று தின்ன வேண்டியிருக்கும் என்பதும் நல்லதுதான்.

வெல்லம், தேங்காய், ஏலக்காய் போட்டால் சின்னவன் கேள்வி கேட்காமல் சாப்பிடுவான். பெரியவளுக்குத் தயிர் அவல், கடுகும் இஞ்சியும் தாளித்து. எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்.

சிக்கல் என்னவென்றால், ஆறரைக்கு மறுபடி பசி. அவல் என்பது கடைசியில் அரிசிதானே. நூறு கிராமில் புரதம் ஆறேழு கிராம், ஒரு பிள்ளை சாப்பிடும் ஐம்பது கிராமில் மூன்று மூன்றரை. தனியாக இது தாங்காது. ஒரு சின்னக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சேர்த்த பிறகுதான் ஏழரை வரை ஓடியது. இப்போது கடலை இல்லாமல் அவல் செய்வதில்லை.

கடலை உருண்டை

சுவையில் இதற்கு எதிரியே இல்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த ருசிக்கு அது நியாயம். வீட்டு உருண்டை அந்த ருசிக்குக் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும்.

எல்லாமே பாகில் இருக்கிறது. இரண்டு கப் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு ஒரு கப் வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் நுரை பெரிசு பெரிசாகக் கிளம்பி, அப்புறம் சின்னதாக அடங்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்கள். கல் மாதிரி உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் இறக்கினால் உருண்டை மறுநாள் பிசுபிசுக்கும். சத்தம் வந்த பிறகும் அரை நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றால் என் முதல் முயற்சி மாதிரி ஆகும்: கடலையைக் கொட்டிக் கிளறுவதற்குள் வாணலியோடு இறுகிவிட்டது. ஆறிய பிறகு அதை உடைத்தது அம்மிக் குழவி.

ஒரு தடவை செய்தால் இருபது, இருபத்தைந்து உருண்டை வரும், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் கெடாது. நாலரை மணிக்கு வேலையே இல்லை, டப்பாவைத் திறந்தால் போதும். வேர்க்கடலையில் நூறு கிராமுக்கு இருபத்தைந்து கிராம் வரை புரதம், நல்ல கொழுப்பும் உண்டு.

ஆனால் வெல்லத்தின் விஷயத்தில் நாம் நம்மையே கொஞ்சம் ஏமாற்றிக்கொள்கிறோம். வெல்லத்தில் தாதுச்சத்து இருக்கிறது என்பது உண்மை. அதே சமயம் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் இரண்டு உருண்டைக்குக் கிட்டத்தட்ட பதினாறு கிராம் வெல்லம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அறிவுரையில், சேர்க்கும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள்ளும், முடிந்தால் ஐந்துக்குள்ளும் வைக்கச் சொல்கிறது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம்தான். இரண்டு உருண்டை போதும் என்று டப்பாவை மேல்தட்டில் வைத்தேன். பெரியவள் ஸ்டூல் போட்டு ஏறத் தெரிந்தவள்.

சர்க்கரையே வேண்டாம் என்றால் அவித்த கடலை இருக்கிறது. பச்சை வேர்க்கடலையைத் தோட்டோடு உப்புப் போட்டு அவித்து, ஒரு தட்டில் கொட்டி நடுக்கூடத்தில் வைத்தால், உரித்து உரித்துத் தின்பதிலேயே அரைமணி போகும். கிடைக்கும் காலத்தில் உருண்டையைவிட இதற்கே என் ஓட்டு. ஒன்று மட்டும்: ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை தர வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்ததோ நிறம் மாறிச் சுருங்கியதோ கண்ணில் பட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கேழ்வரகு

கால்சியம் என்று பார்த்தால் இதுதான் முதல். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது, அதே அளவு பாலில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளால் அவ்வளவும் உடம்பில் சேராது. முளைகட்டி அரைத்த மாவு என்றால் நிலைமை கொஞ்சம் மேல். புரதத்தில் அவலின் அண்ணன் என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

புட்டுக்கு மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும். பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். பிறகு கட்டியைச் சலித்து, துணி போட்டுப் பத்து நிமிஷம் ஆவியில் வைத்து, சூட்டோடு தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் கலக்கணும். சாயங்காலம் பசியோடு இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இதைச் செய்வது எனக்கு முடியவில்லை. ஆறிப்போனால் அவர்கள் தொடவும் மாட்டார்கள். "மண்ணு மாதிரி இருக்கு" என்றான் சின்னவன், நிறத்தைப் பார்த்துவிட்டு. வெங்காயம், முருங்கைக்கீரை போட்ட அடையாகத் தட்டினால் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் கேழ்வரகைக் காலை டிபனுக்கு மாற்றிவிட்டேன், அங்கே அது சரியாகப் பொருந்திவிட்டது.

இப்போது வீட்டில் நடப்பது

சுண்டல்தான் ஜெயித்தது. ஆனால் என் மறதியைச் சரிசெய்யாமல் அது ஜெயித்திருக்காது. சனிக்கிழமை ராத்திரி ஒரே தடவையாக அரைக் கிலோ கடலையை ஊறப் போடுகிறேன். ஞாயிறு காலை ஐந்து லிட்டர் குக்கரில் ஆறு விசில். நன்றாக வடித்து, ஆறவைத்து, ஐந்து சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஒரு டப்பா இரண்டு பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கிறது. வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒன்றை எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டு வடித்துத் தாளித்தால் வேலை முடிந்தது. ஃப்ரீசர் இல்லை என்றால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம்.

வாரத்தில் மூன்று நாள் இது. ஒரு நாள் வேர்க்கடலை போட்ட அவல், அது மழையில் நனைந்து வரும் நாளாக இருந்தால் சுடச்சுட உப்புமாவாக. மிச்ச ஒரு நாள் உருண்டையும் ஒரு வாழைப்பழமும். செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு டப்பா கடலைக்கு ஆகும் காசு, பிள்ளைக்கு ஒன்று என்று நான் முன்பு வாங்கிய இரண்டு சிப்ஸ் பாக்கெட்டின் விலையைத் தொடவில்லை.

ஹாஸ்டலில், மேன்ஷனில் அடுப்பே இல்லாமல் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். அரைக் கிலோ மெல்லிய அவல், கால் கிலோ பொட்டுக்கடலை, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் இரண்டு கைப்பிடி அவல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூன்று நிமிஷம். தயிர் பாக்கெட் கிடைத்தால் சர்க்கரையை விட்டுவிட்டு அதை ஊற்றி உப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.