டோஸ்டர் ஓடும் என்று விற்ற இன்வெர்ட்டர் செட்: படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் லங்காவித் தீவில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களும், இந்த சீசனில் அங்கே படகு வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "டோஸ்டர், ரைஸ் குக்கர் எல்லாம் ஓடும்" என்று சொல்லி எங்கள் படகில், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர் செட்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதில் வந்த கேபிள் செம்பே இல்லை. நடுக்கடலில் அது இளகிப் போனது. தீப்பிடிக்காமல் தப்பித்தது எங்கள் நல்ல நேரம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி சரக்கு பல இடங்களில் விற்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில், படகில் எதற்கு டோஸ்டர் என்று கேட்பவர்களுக்கு. எங்களுடையது ஃபைபர் கிளாஸ் படகு, கணவரும் நானும் வருஷத்தில் பாதி நாள் அதில்தான் இருக்கிறோம். இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் ரொட்டி சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். அதற்கு முன்னால் காய்ந்துபோன ரொட்டியைச் சுட்டு, வெண்ணெயும் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமும் தடவினால் காலைப் பசியாறல் முடிந்தது. தோசைக்கல்லில் சுட்டால் நன்றாகவே வரும். கல்லை நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, மூடி போடாமல் சுட வேண்டும். மூடினால் ஆவி இறங்கி ரொட்டி சவசவ என்று ஆகிவிடும். ஆனால் படகு சாய்ந்து ஓடும்போது கேஸ் அடுப்பைப் பற்றவைக்க எனக்கு எப்போதுமே பயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாது, படகின் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். அதோடு, சின்னக் கேபினில் அடுப்புச் சூடும் சேர்ந்தால் உள்ளே நிற்க முடியாது. அதனால்தான் மின்சார டோஸ்டர் வேண்டும் என்று கேட்டோம்.

கடைக்காரர் எங்களைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: டோஸ்டர் எத்தனை வாட்? 800 என்றோம். உடனே 2000 வாட் என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். "தாராளமா ஓடும் அக்கா. கேபிள் எல்லாம் மரின் கேபிள். டூட்டி ஃப்ரீ விலை, வெளியில இந்த விலைக்குக் கிடைக்காது." லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் யாருக்கும் விலை குறைவாக இருப்பதில் சந்தேகம் வராது. பொருத்துகூலியோடு 900 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தோம். அவருடைய ஆளே வந்து பொருத்திவிட்டுப் போனார்.

அவர்கள் சொல்லாமல் விட்ட கணக்கை இங்கே சொல்கிறேன். வீட்டில் 240 வோல்ட்டில் 800 வாட் டோஸ்டர் மூன்றரை ஆம்பியர்கூட இழுக்காது. படகு பேட்டரி 12 வோல்ட். அதே 800 வாட்டுக்கு 67 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 75, 80 வரை போகும். மூன்று நிமிஷம்தானே, பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை, 4 ஆம்பியர்-மணிதான் குறையும். பாரம் முழுவதும் கேபிள் மேல் விழுகிறது. எங்கள் படகில் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போக 3 மீட்டர், திரும்ப 3 மீட்டர். இந்த ஆறு மீட்டரில் 80 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் குறைந்தது 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட வேண்டும். இல்லையென்றால் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒரு நல்ல ஆள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "பேட்டரி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம்?" என்பதுதான்.

பினாங்குக்குப் போகும் வழியில், பூலாவ் பாயார் தீவைத் தாண்டி நல்ல வாடைக்காற்றில் என்ஜினை அணைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தோம். முதல் இரண்டு துண்டு நன்றாகச் சிவந்து வந்தது. அடுத்த இரண்டைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி குறைந்துவிட்டதோ என்று கணவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரி முனையில் 12.1 வோல்ட். இன்வெர்ட்டர் முனையில் 10.7. வழியிலேயே 1.4 வோல்ட் காணவில்லை. அதை 80 ஆம்பியரால் பெருக்கினால் 110 வாட்டுக்கு மேல். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு இருக்கைப் பலகைக்கு அடியில் மூடிவைத்த மாதிரி அவ்வளவு சூடும் அந்தக் கேபிளில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் பிளாஸ்டிக் இளகும் நாற்றம் வந்துவிட்டது. பலகையைத் தூக்கினால் சிவப்புக் கேபிளின் தோல் பளபள என்று இளகி, கிளிப்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். கீ, கீ நிற்கவில்லை. இன்வெர்ட்டரை மெயின் சுவிட்சுக்கு வெளியே, நேராகப் பேட்டரியில் கோத்திருக்கிறார்கள்! கணவர் டோஸ்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. வழியில் ஃபியூஸும் இல்லை. பிறகு கடையில் கேட்டபோது, "இன்வெர்ட்டருக்குள்ளயே ஃபியூஸ் இருக்கே" என்றார்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் இன்வெர்ட்டரை மட்டும்தான் காக்கும். தோல் இளகி இரண்டு கேபிளும் ஒன்றோடொன்று தொட்டிருந்தால், பேட்டரி தன்னிடம் உள்ள அத்தனையையும் அந்த இடத்தில் கொட்டியிருக்கும். தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் படகுகளுக்கான ஏ.பி.ஒய்.சி. தரவிதி, தனி உறைக்குள் போகாத கேபிளுக்கு ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஃபைபர் கிளாஸ் படகில் தீ பிடித்துப் பரவிவிட்டால் தண்ணீரில் குதிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

பினாங்கில் படகைக் கட்டியதும் கேபிளைக் கழற்றி மேசையில் போட்டுப் பார்த்தோம். வெளியே 35 என்று அச்சு. கையில் எடுத்தால் தடிமனாகத்தான் இருந்தது. தோலை உரித்தால் உள்ளே கம்பிக் கட்டு 4 மில்லிமீட்டர்தான், மீதி எல்லாம் பிளாஸ்டிக். உண்மையான 35 என்றால் கட்டு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு இழையைப் பிரித்து பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், கீழே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் மெல்லிசாகச் செம்பு பூசிய கம்பி. படகுக்கென்றே செய்யும் மரின் கேபிளில் இது நேர் தலைகீழ். அதில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெளியே வெள்ளியாகத் தெரியும், சுரண்டினால் உள்ளே சிவப்பாக இருக்கும். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம் போதும், கடையிலேயே செய்யலாம். செய்ய விடமாட்டேன் என்றால் அங்கே வாங்க வேண்டாம்.

செம்பு பூசிய அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது போதாதென்று உப்புக்காற்று பட்டால் இணைப்பில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மாதம் ஏற ஏறத் தடை கூடிக்கொண்டே போகும். எங்கள் கேபிளின் நுனியில் இருந்த லக்கை, அதாவது முனையில் மாட்டும் உலோக வளையத்தை, சும்மா கையால் இழுத்தேன், கழன்று வந்துவிட்டது. சரியான கருவியால் நசுக்காமல் சுத்தியலால் தட்டி விட்டிருக்கிறார்கள். அடி விழுந்த தடம் அப்படியே தெரிகிறது.

அப்புறம் அந்த 2000 வாட். மூடியைக் கழற்றினால் உள்ளே 30 ஆம்பியர் ஃபியூஸ் மூன்று. மொத்தம் 90 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 1080 வாட், அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தொடர்ந்து இழுக்கவே முடியாது. 2000 என்பது ஒரு நொடி தாங்கும் உச்ச அளவு. அதைப் பெட்டியின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

திரும்பி வந்து கடையில் கேட்டோம். "பேட்டரி வீக் அக்கா, புதுசு மாத்திடுங்க" என்று அடுத்த வியாபாரத்தைத் தொடங்கினார். பாரம் ஏறியபோதும் 12.1 காட்டிய பேட்டரி எப்படி வீக் ஆகும்? பதில் இல்லை. சுரண்டிய இழையைக் காட்டினேன். "சப்ளையர் அப்படித்தான் அனுப்புறாங்க" என்றார். பணத்தைக் கேட்டதும், ரசீதில் கேபிளைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார். அது உண்மைதான், "இன்வெர்ட்டர் செட் 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே அப்படி எழுதுகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே ரசீதில் தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும், கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பா, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மலேசியாவில் வாங்கியவர்களுக்கு வழி இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நாங்களும் மனுக் கொடுத்துவிட்டோம், விசாரணை நாளுக்குக் காத்திருக்கிறோம். இளகிய கேபிள், கழன்ற லக், மீட்டர் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம். கடையில் கேட்டார்கள் என்று பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

உங்கள் படகிலோ கேம்பர் வேனிலோ இதே மாதிரி செட் இருந்தால், சுரண்டிப் பார்க்கும் வரை டோஸ்டர் பிளக்கைச் சொருக வேண்டாம். பலகைக்கு அடியில் போகும் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், தோல் எங்காவது இளகியோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று. இருந்தால் பேட்டரியில் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, இரண்டு நுனியிலும் டேப் சுற்றி வைத்துவிடுங்கள்.