ஸ்நேர் தனி வாசிப்புக்கு எந்தப் பிடி?

கிளிநொச்சிப் பக்கம் பாண்டில் சைட் டிரம் (ஸ்நேர் என்பதும் இதுதான்) வாசிக்கும் பிள்ளைகள், பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் கேட்பது இதுதான்: இரண்டு கையிலும் ஒரே பிடியா, இடக்கையை மல்லாத்தும் பழைய பிடியா?

பழக:
ஒரே பிடி – வலக்கைக்குத் தெரிந்ததை இடக்கைக்கும் சொல்லிக்கொடுத்தால் சரி.
பழைய பிடி – இடக்கை தனி உலகம். தடி பெருவிரல் கவட்டில் நுழைந்து மோதிரவிரலில் படுத்திருக்கும். கதவுக் குமிழைத் திருகுவது போல முன்கை உருளவேண்டும். தொடக்கத்தில் கவடு சிவந்துபோகும்.

டிரம் தோளில் தொங்கினால்:
பழைய பிடி பிறந்ததே இதற்காகத்தான். டிரம் சாய்ந்து இடப்பக்க விளிம்பு உயர்ந்திருக்கும். மல்லாந்த கை அதைத் தாண்டி இறங்கும்.
ஒரே பிடியில் இடது முழங்கை கோழி இறக்கை மாதிரித் தூக்கிக்கொள்ளும்.

உருட்டு (இடைவிடாத தொடர் அடி), பிளாம் (சின்ன அடியை ஒட்டியே பெரிய அடி), பாரடிடில் (வல-இட-வல-வல, இட-வல-இட-இட):
இரண்டிலும் வரும். இரு கை ஒலியும் சமமாக விழ ஒரே பிடி சுலபம்.

செலவு: இரண்டுக்கும் ஒரே தடிகள்தானே!

ஸ்டாண்டில் வைத்து வாசிப்பவர், பிறகு டிரம் செட்டுக்குப் போக நினைப்பவர் ஒரே பிடியைப் பழகலாம். தோளில் மாட்டி நடந்து வாசிப்பவருக்குப் பழையது. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருக்கிறதென்றால் இப்போது பிடியை மாற்றாதீர்கள்.