11,000 ரூபாய் பேஸ் கிட்டார், நாலு வருஷக் கச்சேரி

மெல்லிசைக் குழுவில் சேர்ந்தபோது கையிலிருந்த பணத்துக்கு இதுதான் கிடைத்தது. 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸின் மலிவு நகல்: 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), நாலு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும், பேட்டரி தேவையில்லாத பிக்கப். கம்பெனிப் பெயர் வேண்டாமே.

பெட்டியிலிருந்து எடுத்த அன்று வாசிக்கவே முடியவில்லை. கம்பிகள் துணி காயப்போடும் கொடி போல உயரத்தில் நின்றன. கழுத்தில் பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளின் ஓரங்கள் கையைக் கீறின. மெல்லிய அரத்தால் ஓரங்களை ராவி, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியாக இறக்கினேன். கூடவே புது 45-105 தடிமன் கம்பி செட். அப்புறம் அது வேறு வாத்தியம்!

ஒரு மாசித் திருவிழாக் கச்சேரியில் காலை வாரியது. பாட்டின் பாதியில் கேபிள் செருகும் ஜாக் தளர்ந்து சத்தமே போய்விட்டது. ட்ரம்மர் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே நட்டை மட்டும் திருகினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஒயர் அறுந்துவிடும். மூடியைக் கழற்றி, ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும்.

தலைப்பக்கம் சாய்கிறது, அகலமான தோல்பட்டை போட்டால் சரி. சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பெட்டி வழியாக மிக்ஸருக்குப் போனபின் இதன் விலை யாருக்கும் கேட்பதில்லை. விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், தரவில்லை.