வெயில் ஊருக்கு எந்த டவர் சரி? காஞ்சன்ஜங்கா, தி மெட், பினக்கிள்

இப்ப எந்த ஊர் சென்டர்ல பாத்தாலும் ஒரே மாதிரி டவர்தான் எழும்புது, சுத்தி கண்ணாடி, பேருக்கு ஒரு பால்கனி, அதுலயும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் துணி ஸ்டாண்டும் போக ஒரு நாற்காலி போட இடம் இருக்காது. குளிர் நாட்டுக்காரனுக்கு வெயில் உள்ள வரணும், கண்ணாடி வைக்கிறான், சரி. புழுக்கத்துல வேகுற ஊருக்கு அது எதுக்கு? இத உருப்படியா யோசிச்சுக் கட்டுன மூணு பில்டிங்க பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னு ரொம்ப நாளா ஆசை. மும்பை காஞ்சன்ஜங்கா (1983), பேங்காக் தி மெட் (2009), சிங்கப்பூர் பினக்கிள் அட் டக்ஸ்டன் (அதுவும் 2009). மூணுகிட்டயும் நான் கேக்குறது ஒண்ணுதான், அவ்ளோ உயரத்துல குடியிருக்கிறவங்களுக்கு வெளிக்காத்தும் வெளியில உக்கார ஒரு இடமும் எங்க கெடைக்குது?

முதல்ல காஞ்சன்ஜங்கா. மும்பைல கடல் காத்து மேற்கேருந்து வரும், அரபிக்கடல் வியூவும் அந்தப் பக்கம்தான், கிழக்கே துறைமுகம். அப்ப வீடு கிழக்கு மேற்கா பாத்தாதான் நல்லது, ஆனா மத்தியானத்துக்கு மேல அடிக்கிற வெயிலும் பருவமழை சாரலும் அதே மேற்குலருந்துதான் வருது, இதான் சிக்கல். அந்தக் கால பங்களாக்கள்ல வீட்டச் சுத்தி வராண்டா போட்டு இத சமாளிச்சாங்க. இத டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கோரியா, பிரவீணா மேத்தாவோட சேந்து, அந்த வராண்டாவ அப்படியே 28 மாடி உயரத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். கீழருந்து பாத்தா வெள்ளைச் சுவர்ல மூலைய மட்டும் கடிச்சு எடுத்த மாதிரி பெரிய பெரிய ஓட்டை தெரியும், அது ஒவ்வொண்ணும் ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு தோட்ட மாடம். சாதாரண பால்கனில செடி கொஞ்சம் வளந்தாலே மேல் ஸ்லாப் இடிக்கும், இங்க நல்லா உயரமாவே வளக்கலாம். சாரல் அடிச்சா மாடத்தோட நின்னுடும், ஹால் வரைக்கும் வராது. வழக்கமா பில்லர் நிக்கிற மூலை இங்க காலியா கெடக்கு, எடைய நடுவுல இருக்கிற கான்கிரீட் கோர் தாங்குது, அங்கருந்து ஸ்லாப் 6 மீட்டருக்கும் மேல அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. 70, 80கள்ல இத யோசிச்சு கட்டியும் முடிச்சிருக்காங்கங்கறது இன்னிக்கும் எனக்கு மலைப்பாதான் இருக்கு.

குறைன்னா, 84 மீட்டர் உயரத்துல மொத்தமே 32 வீடு. எல்லாம் பெரும் பணக்காரங்களுக்கு.

தி மெட் வேற ரூட்ல போகுது. பேங்காக் சாத்தோர்ன் ரோட்டுல 66 மாடி, 370 வீடு, டிசைன் பண்ணது வோஹாங்கிற சிங்கப்பூர் ஆர்க்கிடெக்ட் நிறுவனம். நம்ம ஊர் டவர்ல பெரும்பாலும் எப்படின்னா நடுவுல லிஃப்ட், அதச் சுத்தி காரிடார், காரிடார ஒட்டி ஃப்ளாட், அதனால ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ஒரு பக்கம்தான் வெளிச்சுவர், மூலை வீடா இருந்தா ரெண்டு. ஜன்னல எவ்ளோ பெருசா வச்சாலும் காத்து வெளியேற எதிர்ப்பக்கம் வழி இல்லன்னா உள்ளயே வராது. இவங்க அந்த ஒரே டவர பல துண்டா பிரிச்சு நடுவுல இடைவெளி விட்டாங்க, துண்டுகள மேல அங்கங்க தோட்டத் தளத்தால இணைச்சாங்க. இப்ப வீட்டுக்கு வடக்கயும் ஜன்னல், தெக்கயும் ஜன்னல், காத்து பாஞ்சு வெளிய போகுது. மேல போகப் போக காத்து வேகமும் கூடும், தூசியும் இரைச்சலும் கொறையும், அதனால ஜன்னலத் தொறந்து வச்சு வாழ உயரமான மாடிதான் உண்மையிலயே தோது, அங்க போய் கண்ணாடிய சீல் பண்ணி வைக்கிறாங்களேன்னுதான் வருத்தமா இருக்கு. 2010ல ஃபிராங்ஃபர்ட்ல குடுக்கிற சர்வதேச உயர்மாடி விருத இதுதான் வாங்குச்சு. பில்டருங்க ஒத்துக்காததுக்கு காரணமும் புரியுது, துண்டு துண்டா பிரிச்சா வெளிச்சுவர் ஏறும், செலவும் ஏறும்.

பினக்கிள் அரசாங்க வீடு, சிங்கப்பூரோட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமா வீவக) கட்டுனது. ஊர் நடுவுல, 60கள்ல வீவக கட்டுன பழைய பிளாக்குகள் இருந்த எடத்துலயே ஏழு பிளாக், ஒவ்வொண்ணும் 50 மாடி, 1,848 வீடு. 26வது மாடிலயும் 50வது மாடிலயும் ஏழையும் பாலம் போட்டு கோத்து அதுமேல தோட்டம் வச்சிருக்காங்க. 26 குடியிருக்கிறவங்களுக்கு மட்டும், ஜாகிங் டிராக் வரைக்கும் இருக்கு. 50க்கு வெளியாளும் காசு கட்டிப் போகலாம். பால்கனியா, பூந்தொட்டி வைக்கிற எடமா, வெளிய துருத்துற ஜன்னலான்னு வாங்குறவங்களே தேர்ந்தெடுக்க விட்டாங்க, அது நல்ல யோசனை. ஆனா ஃப்ளாட்டுக்குள்ள போனா வழக்கமான ஃப்ளாட்தான். வெளி இடத்தையெல்லாம் மொத்தமா சேத்து ரெண்டு மாடில வச்சுட்டாங்க, 12வது மாடில இருக்கிற பாட்டி லிஃப்ட் ஏறிப் போனாதான் உண்டு.

அழகுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு காஞ்சன்ஜங்கான்னு சொல்லுவேன். எத்தன குடும்பத்துக்கு பிரயோஜனம்னா பினக்கிள் பக்கத்துல மத்த ரெண்டும் நிக்க முடியாது. ஆனா நம்ம ஊர் டவருக்கு ஒண்ண மட்டும் எடுத்துக்கலாம்னா நான் மெட்டோட அந்த இடைவெளியத்தான் எடுப்பேன், ஏன்னா வராண்டா நிழல் குடுக்கும், மழைய நிறுத்தும், மேல பாலம் போட்டா பொழுது போகும், ஆனா ராத்திரி ஏசி இல்லாம தூங்கணும்னா காத்து ஒரு பக்கம் நொழஞ்சு மறுபக்கம் போகணும், வேற வழியே கெடையாது.

அதெல்லாம் காசு உள்ளவங்களுக்குன்னு யாராச்சும் சொன்னா, அதே வோஹா டிசைன்ல 2015ல சிங்கப்பூர் டாசன்ல கட்டுன ஸ்கைவில் குடியிருப்பப் போய் பாக்கச் சொல்லுங்க. அதுவும் வீவகதான், 960 வீடு, எல்லாத்துலயும் காத்து குறுக்க போற மாதிரி பிளான், 80 வீட்டுக்கு ஒரு பொதுத் தோட்டம், அதுவும் அவங்கவங்க மாடிக்கு எட்டுற தூரத்துலயே.