புலமே இல்லையா, மதிப்பு ‘நல்’லா? மோங்கோடிபி, போஸ்ட்கிரெஸ், கௌச்பேஸ்

புலமே இல்லாததையும் வெறுமையான புலத்தையும் மூன்று டேட்டாபேஸ்கள் எப்படிப் பிரிக்கின்றன என்று பார்க்க, மூன்று பயனர் ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் போன் எண் இருக்கிறது. இரண்டாவதில் போன் என்ற புலம் (ஃபீல்டு) இருக்கிறது, மதிப்பு ‘நல்’ (null, அதாவது வெறுமை): எண் தர விருப்பமில்லை என்றவர். மூன்றாவதில் அந்தப் புலமே கிடையாது: படிவத்தில் போன் எண் கேட்பதற்கு முன்பே பதிவு செய்தவர். மூன்றாமவரிடம் எண் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். இரண்டாமவருக்கு அனுப்பினால் திட்டு விழும். இந்த இருவரையும் குவெரி (டேட்டாபேஸில் தேடும் கட்டளை) பிரித்துத் தருகிறதா?

மோங்கோடிபியில் ‘போன் நல்லுக்குச் சமம்’ என்று ஃபைண்டில் தேடினால் இருவரும் சேர்ந்தே வருவார்கள். மூன்றாமவர் மட்டும் வேண்டுமென்றால் எக்ஸிஸ்ட்ஸ் ஃபால்ஸ் (புலம் இல்லை) போட வேண்டும். இரண்டாமவர் மட்டும் என்றால் டைப் ஆபரேட்டரில் 10 (‘நல்’ வகைக்கான எண்). எக்ஸிஸ்ட்ஸ் ட்ரூ போட்டால் எண் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. ‘நல்’ உள்ளவரும் அதில் வருவார். இதுவரை பழகிக்கொள்ளலாம். ஆனால் அதே ஒப்பீட்டை அக்ரிகேஷனில் (ஆவணங்களைப் படிப்படியாகச் செயலாக்கும் வழி) ஈக்யூ (சமம்) எக்ஸ்பிரஷனாக எழுதினால் விடை மாறுகிறது: அங்கே இல்லாத புலமும் ‘நல்’லும் சமமில்லை. ஒரே டேட்டாபேஸ், ஒரே கேள்வி, இரண்டு பதில். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இண்டெக்ஸில் இன்னும் சிக்கல். போன் மீது யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் இண்டெக்ஸ்) போட்டால் இல்லாத புலமும் ‘நல்’லாகவே கணக்கில் வரும், ஆகவே போன் இல்லாத ஆவணம் ஒன்று இருந்தால் இன்னொன்று உள்ளே நுழையாது. சரி, ஸ்பார்ஸ் வகை இண்டெக்ஸ் போடலாம் என்றால், அது புலம் இல்லாதவற்றை மட்டும்தான் விட்டுவிடும். வெளிப்படையாக ‘நல்’ எழுதிய இரண்டு ஆவணங்கள் அப்போதும் மோதும். 3.2 பதிப்பில் வந்த பார்ஷியல் இண்டெக்ஸில் (நிபந்தனைக்குப் பொருந்தும் ஆவணங்களை மட்டும் சேர்ப்பது) ‘டைப் ஸ்ட்ரிங் மட்டும்’ என்று கட்டுப்படுத்துவதே ஒழுங்கான வழி.

போஸ்ட்கிரெஸ் ஜேசான்பியில் (ஜேசான் ஆவணங்களைச் சேமிக்கும் வகை) எல்லாம் எந்த அம்புக்குறியைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ->> போட்டால் இருவருக்கும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கேள்வி மொழி) தரும் ‘நல்’தான், வித்தியாசம் அழிந்துவிடும். -> போட்டால் இரண்டாமவருக்கு ஜேசான் ‘நல்’ என்ற நிஜ மதிப்பு கிடைக்கும். அதனால் ‘இஸ் நல்’ மூன்றாமவரை மட்டும் பிடிக்கும். சாவி (புலத்தின் பெயர்) இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்க ? இருக்கிறது (ஜாவா டிரைவர் அதைப் பாராமீட்டர் என்று நினைத்துவிடும், ?? என்று எழுத வேண்டும்). ->> மீது யுனிக் இண்டெக்ஸ் வைத்தால் ‘நல்’கள் தங்களுக்குள் மோதாது.

மோங்கோவிலிருந்து இங்கே மாறுகிறவர்கள் ‘சமமில்லை’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ‘போன் இந்த எண் அல்ல’ என்றால் மோங்கோவின் என்ஈ இருவரையும் தரும். போஸ்ட்கிரெஸில் ->> வைத்து <> போட்டால் இருவருமே காணாமல் போவார்கள்.

கௌச்பேஸில் இந்தக் குழப்பமே இல்லை: ‘இஸ் மிஸ்ஸிங்’ (புலமே இல்லை) தனி, ‘இஸ் நல்’ தனி, இரண்டும் வேண்டுமென்றால் ‘இஸ் நாட் வேல்யூட்’. வரிசைப்படுத்தும்போதும் மிஸ்ஸிங் முதலில், ‘நல்’ அடுத்து. ஒரே குறை, இண்டெக்ஸின் முதல் சாவி மிஸ்ஸிங் ஆக உள்ள ஆவணம் வழக்கமாக அந்த இண்டெக்ஸிலேயே சேராது. தனியாகச் சொன்னால்தான் சேரும்.

ரிலேஷனல் மாடலை (அட்டவணை வடிவ டேட்டாபேஸின் அடிப்படை) தந்த எட்கர் காட் 1990இலேயே, ‘பொருந்தும், ஆனால் தெரியவில்லை’, ‘பொருந்தவே பொருந்தாது’ என்று இரண்டு குறிகள் வேண்டும் என்றார். எஸ்க்யூஎல் ஒன்றோடு நின்றுவிட்டது.

குவெரியின் தெளிவுக்கு என் ஓட்டு கௌச்பேஸுக்கு. ஆனால் இதற்காக மட்டும் யாரும் டேட்டாபேஸ் மாற்றப்போவதில்லை. புதிதாகத் தொடங்கினால் போஸ்ட்கிரெஸே போதும், எங்கே -> எங்கே ->> என்று குழு முடிவு செய்துகொண்டால். ஏற்கெனவே மோங்கோவில் இருப்பவர்கள் ஸ்கீமா வேலிடேஷனில் (ஆவணத்தின் வடிவைச் சரிபார்க்கும் விதி) போனை ரிக்வயர்டு (கட்டாயம்) ஆக்கி, ஸ்ட்ரிங் அல்லது ‘நல்’ மட்டும் அனுமதித்து, பழைய ஆவணங்களிலும் ‘நல்’ எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முன் ‘கேட்டோமா’ என்பதைத் தனிப் புலமாகப் பதிந்துவிடுங்கள், பிறகு அந்தத் தகவல் எங்கும் இருக்காது.