'மதர்போர்டு போய்விட்டது' என்று கடைக்காரர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

கணினியின் மூளையான பிராசசரை மாற்றிய பிறகு அது ஓடவில்லை என்றால், பழுதுபார்ப்பவர் சொல்லும் முதல் காரணத்துக்குப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக் கடை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே நடந்த முறைதான் முக்கியம்.

என்னிடம் இருப்பது 2018இல் வெளிவந்த பி450 சிப்செட் மதர்போர்டு, அதாவது பிராசசரும் மற்ற பாகங்களும் இணையும் தாய்ப்பலகை. அதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600 பிராசசர் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசரைச் செருகும் இடம்) பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸ் பிராசசரை அந்தக் கடையில் வாங்கி, மாற்றித் தரும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தேன். போர்டின் மாடல் எண்ணை ரசீதில் எழுதிக்கொண்டு, இதில் தாராளமாக ஓடும் என்று சொன்னவர்களும் அவர்கள்தான்.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்கள். விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றும் வரவில்லை, புதிய பிராசசரின் லோடு தாங்காமல் மதர்போர்டு போய்விட்டது, புதிய போர்டும் கூலியும் சேர்த்து 290 வெள்ளி ஆகும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விளக்கம் அடிப்படையிலேயே தவறு. 2600, 5700எக்ஸ் ஆகிய இரண்டுக்கும் ஏஎம்டி குறிப்பிடும் மின்திறன் அளவு ஒன்றுதான், 65 வாட். பழையதைத் தாங்கிய போர்டு புதியதைச் செருகியவுடன் லோடு தாங்காமல் கருகியது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது என்ற துணிச்சலில் சொல்லப்படும் கதை.

உண்மையான காரணம் பெரும்பாலும் பயாஸ்தான். மதர்போர்டில் பதிந்துள்ள அந்த மென்பொருளுக்கு, தன்னில் செருகப்பட்டிருக்கும் பிராசசர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். 5700எக்ஸ் சந்தைக்கு வந்தது 2022 ஏப்ரலில். என் போர்டில் இருந்ததோ 2019ஆம் ஆண்டின் பயாஸ். ரைசன் 5000 வரிசையை பி450 போர்டுகளில் அனுமதிப்பதில்லை என்றே ஏஎம்டி 2020இல் முதலில் அறிவித்தது. பயனாளர்கள் கடுமையாக எதிர்த்த பிறகே முடிவை மாற்றிக்கொண்டது. ஆகவே இந்தப் போர்டுகளுக்குப் புதிய பயாஸை ஏற்றாமல் அந்த வரிசைப் பிராசசரைப் போட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். கணினிக் கடை நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

பழைய பிராசசரைத் திரும்பப் பொருத்தி, போர்டு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று என் கண்முன் காட்டும்படி நேரில் போய்க் கேட்டேன். நேரமில்லை என்றார் ஒருவர். அதற்குத் தனிக் கூலி என்றார் இன்னொருவர். கடைசியில், 'சோதனைக் கட்டணம்' 60 வெள்ளியைக் கட்டினால்தான் கணினியை எடுத்துச் செல்லலாம் என்றார்கள். என்ன சோதித்தார்கள் என்று ரசீதில் ஒரு சொல்கூட இல்லை. பழைய பிராசசரை டிஷ்யூ தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் என் அக்காள் மகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மாமா, பழசத் திருப்பிப் போட்டாவது பாத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். டிஷ்யூவைப் பிரித்தபோது பதில் கிடைத்துவிட்டது. ஏஎம்4 வகையில் 1331 பின்களும் பிராசசரின் அடிப்பக்கத்திலேயே இருக்கும். அவற்றில் ஓர் ஓரத்துப் பின்கள் சில ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்த நிலையில் அது சாக்கெட்டில் இறங்கவே இறங்காது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கரிக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் செருகி மெல்ல நிமிர்த்தினான். நான் மூச்சுவிடவும் தயங்கினேன்.

பொருத்தியதும் கணினி ஓடியது. 'செத்துப்போன' போர்டுதான். தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து அந்த மாடலுக்கான புதிய பயாஸை இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த யுஎஸ்பியில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் வசதி வழியாகவே ஏற்றினான். பிறகு 5700எக்ஸைப் போட்டபோது திரையில் முதலில் வந்தது எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) பற்றிய எச்சரிக்கை: புதிய பிராசசர் பொருத்தப்பட்டுள்ளது, ஒய் (Y) விசையை அழுத்தினால் பழைய பதிவு அழியும். இது விளையாட்டல்ல. விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்ட கணினியில், 48 இலக்க மீட்புக் குறியீடு கையில் இல்லாமல் யாராவது ஒய் அழுத்திவிட்டால் கோப்புகள் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். கடையில் கொடுக்கும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினி ஓடுவதைக் கவுன்டரில் வைத்தே காணொளி எடுத்துவிட்டு ஒப்படையுங்கள்.

கணினி ஓடும் காணொளியோடு திரும்பிச் சென்றேன். சோதனை நடந்தது, ஆகவே கட்டணம் கட்டணம்தான் என்றார் மேலாளர். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடப்போவதாக எழுத்தில் தெரிவித்தேன். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கடிதம் போன பிறகு 60 வெள்ளி திரும்பி வந்தது, ஒரு சொல் விளக்கமும் இல்லாமல். பின்கள் வளைந்ததற்கு மட்டும் அவர்கள் பொறுப்பேற்கவில்லை. நான் கொண்டுவரும்போதே அவை அப்படித்தான் இருந்தன என்கிறார்கள். அந்தப் பிராசசரை ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து கழற்றியவர்களே அவர்கள்தான்.