ரீயூனியனில் ஓய்வுக்குப் பிறகும் வேலை: இரண்டு வழிகளில் நான் எடுத்தது

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், சேன்ட் ஆந்த்ரே ஊரில் ஒரு மொத்தக் கடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். 2024இல் ஓய்வுக்கு மனுப் போடும் நேரத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ‘ரெத்ரெத் ப்ரொக்ரெசீவ்’ என்னும் படிப்படியான ஓய்வு. மற்றொன்று, முழு ஓய்வு பெற்று மறுபடி வேலைக்குப் போகும் ‘க்யூமுல்’. நான் க்யூமுல் எடுத்தேன்.

படிப்படியான ஓய்வுக்கு, ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பணம் 150 காலாண்டுக்குக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை நேரத்தை 40 முதல் 80 சதவீதத்துக்குள் குறைக்க வேண்டும். 60 சதவீதம் வேலை பார்த்தால் ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரும். பிடித்தமும் வீணாகாது; முழு ஓய்வின்போது அதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போடுவார்கள்.

எனக்கு முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய காலாண்டுகள் நிறைந்துவிட்டன. அதனால் க்யூமுலில் ஓய்வூதியம் முழுசு, சம்பளமும் முழுசு, உச்சவரம்பு கிடையாது. ஆனால் நான் அதிகம் யோசித்தது புதுச் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தைப் பற்றித்தான். முன்பெல்லாம் ஓய்வு பெற்றவர் எவ்வளவு கட்டினாலும் ஒரு சென்ட் கூடத் திரும்பி வராது. உழைத்தவர்களுக்குச் செய்த அநியாயம் அது. 2023 செப்டம்பர் முதல் அந்தப் பிடித்தத்துக்கு இரண்டாவது ஓய்வூதியம் உண்டு.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பழைய முதலாளியிடமே ஆறு மாதத்துக்குள் திரும்பினால் அந்த உரிமை பிறக்காது. எங்கள் முதலாளி, “அடுத்த திங்களே வந்துடுங்க” என்றார். மறுத்துவிட்டேன். அந்த ஆறு மாதம் வீட்டில் கை கொஞ்சம் இறுக்கம்தான். ஏழாவது மாதம்தான் கடைக்குப் போனேன். வேறு முதலாளியிடம் போகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

இரண்டாவது ஓய்வூதியம் பெரிய தொகை அல்ல. 2024 கணக்கில் ஆண்டுக்கு அதிகபட்சம் 2,318 யூரோ. ஒரு முறை கேட்டு வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு செய்யும் வேலைக்கு எதுவும் சேராது. அதனால் உண்மையிலேயே வேலையை விடும்போதுதான் கேட்கப்போகிறேன்.

நோய் விடுப்புப் பணத்தில் க்யூமுல் பலவீனமானது. ஓய்வுக்குப் பிறகு வேலை செய்யும் காலம் முழுவதுக்கும் சேர்த்து 60 நாள்தான். எனக்கு இதுவரை அதைத் தொட வேண்டி வரவில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. சர்க்கரை, இதயம் என்று மருத்துவமனைக்கு அலைகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். வேலை போனாலும், முழு ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு வேலையில்லாப் படி கிடையாது.

என் தம்பிக்கு முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது காலாண்டு குறைகிறது. அவனுக்குப் படிப்படியான ஓய்வைத்தான் சொல்லியிருக்கிறேன்.